குழந்தைக்கு மருந்து: பாதி மாத்திரைக் கணக்கு எங்கே தவறுகிறது

"எனக்கு ஒரு மாத்திரைன்னா பேரனுக்குப் பாதி போதும்தானே, தம்பி?"

மருந்தாளுநர் வேலையில் இருக்கும் எவரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அன்று கேட்டவர் ஒரு தாத்தா. கையில் 500 மி.கி. பாராசிட்டமால் அட்டை, வீட்டில் 11 மாதப் பேரனுக்குக் காய்ச்சல். கேள்வி நியாயமானதுதான். சின்ன உடம்புக்குச் சின்ன அளவு என்று யாருக்கும் தோன்றுவதைத்தான் அவர் கேட்டார். ஆனால் எவ்வளவு சின்னது என்று சொல்லப் போனால், ஈரல், சிறுநீரகம், தோல், மூளை என்று உடம்பு முழுக்கச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 60 கிலோ எடையுள்ள பெரியவர் 500 மி.கி. மாத்திரை ஒன்று போட்டால், கிலோவுக்கு 8 மி.கி. சொச்சம் வருகிறது. 10 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 150 மி.கி. எழுதினால் கிலோவுக்கு 15 மி.கி. பாட்டிலில் பார்க்கும்போது குழந்தையின் பங்கு குறைவு. கிலோ கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவர் ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை போட்டால்தான் அந்தக் கணக்கை எட்டுவார். ஆகவே "குழந்தைக்குக் குறைவாகக் கொடுக்க வேண்டும்" என்பது பாதி உண்மைதான். மருந்துக்கு மருந்து, மாதத்துக்கு மாதம் கணக்கு மாறுகிறது. குழந்தை மருத்துவத்தின் சிரமமும் அக்கறையும் இந்த மாற்றத்தில்தான் இருக்கின்றன.

அளவு ஏன் சிறியது என்பதற்கு நேரான காரணம் ஒன்று உண்டு. மருந்து வேலை செய்வதும் கெடுதல் செய்வதும், அது ரத்தத்தில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 முதல் 85 மில்லி ரத்தம் இருக்கும். 3 கிலோ குழந்தை என்றால் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே 250 மில்லி. ஒரு டம்ளர் நிறைய. பெரியவருக்கு 5 லிட்டர். பெரியவருக்கான ஊசி மருந்தை அப்படியே ஏற்றினால் அந்த ஒரு டம்ளருக்குள் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இது மட்டும்தான் வித்தியாசம் என்றால் எடையால் வகுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இருக்க முடியாததற்கு முதல் காரணம் தண்ணீர். பெரியவரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் நீர். பிறந்த குழந்தையின் எடையில் 75 சதவீதம் அல்லது அதற்கும் மேல். அதிலும் செல்களுக்கு வெளியே நிற்கும் நீர், எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைவிட இரண்டு மடங்கு. நீரில் கரையும் மருந்து இந்தக் கூடுதல் நீரில் பரவி நீர்த்துப்போகும். பச்சிளங்குழந்தைகளின் தீவிரத் தொற்றுக்குக் கொடுக்கும் ஜென்டாமைசின் இதற்கு நல்ல உதாரணம். ரத்தத்தில் அதே உச்ச அளவை எட்ட, கிலோவுக்குப் பெரியவரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு மருந்து தேவைப்படுகிறது. ஆனால் அடுத்த ஊசிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அந்த இடைவெளி 36 மணி நேரம், 48 மணி நேரம்கூட ஆகலாம். காரணம், மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் பிறக்கும்போது மெதுவாகத்தான் வடிகட்டுகிறது. உடல் பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டாலும் பெரியவர் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவையோதான் எட்டும். முழு வேகம் பிடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஒரே மருந்து, ஒரே குழந்தை. ஒரு தடவைக்குக் கொடுக்கும் அளவு கூடுகிறது, நாள் கணக்கில் குறைகிறது.

ஈரலின் கதை இன்னும் வியப்பானது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றத் தோதாக்கும் நொதிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் எல்லா நொதிகளும் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை. சில பிறந்த வாரமே, சில பல மாதங்கள் கழித்து. பெரியவர் குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி, சுமார் 5 மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். பிறந்த குழந்தையின் உடம்பில் அதே பாதி போக மூன்று நான்கு நாள் ஆகிறது. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சு விடுவதையே நிறுத்திவிடுவார்கள். அதைத் தடுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காஃபீன்தான் மருந்து. ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும் என்று ஆவது இந்த மந்தமான ஈரலால்தான்.

இந்த மந்தத்தை மருத்துவ உலகம் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1950களில் குளோரம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பெரும் நம்பிக்கையோடு பயன்பட்டது. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் கழித்துப் பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வரும் முன்னரே இதைக் கொடுத்தார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி.க்கும் மேல், பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 50 மி.கி.யைவிட இரண்டு மூன்று பங்கு. சில நாளில் குழந்தையின் வயிறு உப்பும், பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், உடம்பு சில்லிட்டுத் தோல் சாம்பல் நிறமாகும். பிறகு ரத்த ஓட்டம் நிலைகுலைந்து உயிர் பிரியும். குறைமாதக் குழந்தை என்றால் இப்படி நடக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் என்ற மூன்று மருத்துவர்கள் குழந்தைகளைப் பிரிவுகளாக வைத்து ஒப்பிட்டு 1959இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த மருந்தும் பெறாத பிரிவில் ஐந்தில் ஒன்று போல் இறந்திருந்தன. குளோரம்பெனிகால் பெற்ற பிரிவுகளில் பாதிக்கும் மேல். காப்பாற்றக் கொடுத்த மருந்தே கொன்றிருந்தது. குளோரம்பெனிகாலை ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைத்து வெளியே தள்ளும் நொதி பிறந்த குழந்தையின் ஈரலில் இன்னும் தயாராகவில்லை, சிறுநீரகமும் கைகொடுக்கவில்லை, மருந்து நாளுக்கு நாள் தேங்கியது. இந்தக் கதையில் என்னை மிகவும் பாதிப்பது அதன் பின்பகுதி. பச்சிளங்குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 25 மி.கி. என்று குறைத்து, ரத்தத்தில் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் அதே மருந்தைப் பயன்படுத்த முடிகிறது. அந்தக் குழந்தைகளுக்கும் பிழைத்தவர்களுக்கும் நடுவே நின்றது ஒரு எண்தான்.

இதற்கு மூன்றாண்டு முன்பு, 1956இல், இன்னொரு பாடம். குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு சல்ஃபா மருந்து கொடுத்தபோது மஞ்சள் நிறமியான பிலிருபின் மூளையில் படிந்து இறப்புகள் கூடின. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் பிலிருபினைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சல்ஃபா வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிலிருபினைத் துரத்திவிட்டது. பச்சிளங்குழந்தைக்கு அல்புமினும் குறைவு, மூளையைக் காக்கும் தடுப்பும் முழு வலுவில் இல்லை. மருந்து நேரடியாக நஞ்சாகாமலே நஞ்சை அவிழ்த்துவிட்டது.

இவ்வளவு படித்த பிறகு, குழந்தையின் ஈரல் என்றாலே பலவீனம் என்று தோன்றலாம். ஒரு வயதைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. ஓடியாடும் வயதுக் குழந்தைக்கு, உடல் எடையில் ஈரலின் பங்கு பெரியவரைவிட அதிகம், நொதிகளும் சுறுசுறுப்பாகிவிட்டிருக்கும். பல மருந்துகளை அந்த உடம்பு பெரியவரைவிட வேகமாகக் கரைத்துத் தள்ளுகிறது. மூச்சிரைப்புக்குக் கொடுத்துவந்த தியோஃபிலின், ஒன்று முதல் ஒன்பது வயது வரை கிலோ கணக்கில் பெரியவரைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு தேவைப்படும். வலிப்புக்கான கார்பமாசெபினும் இதே இனம். இந்த வயதில் பயந்து பயந்து குறைத்துக் கொடுத்தால் வலிப்பு அடங்காது, தொற்று தீராது. குறைவாகக் கொடுப்பதும் ஒரு தவறு என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பதின்ம வயதில் இந்த வேகம் மெல்ல இறங்கிப் பெரியவர் நிலைக்கு வரும்.

எடையோடு எல்லாம் ஒரே சீராகக் கூடாது என்பதற்கு இன்னும் அடிப்படையான காரணமும் உண்டு. 1932இல் மாக்ஸ் கிளைபர் என்ற உயிரியலாளர் காட்டியது இது: உயிரினத்தின் எடை இரண்டு மடங்கானால் அது செலவிடும் ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, 1.7 மடங்கு அளவில் நின்றுவிடுகிறது. உடம்பு சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு கிலோவும் கூடுதலாக உழைக்கிறது. இதை மறந்து நேராகப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று 1962இல் ஓக்லஹோமா நகர உயிரியல் பூங்காவில் கிடைத்தது. சிறிய விலங்குகளுக்கான அளவை வைத்துக் கிலோ கணக்கில் பெருக்கி, டஸ்கோ என்ற யானைக்கு, மாயத்தோற்றம் தரும் எல்.எஸ்.டி. என்ற மருந்தை 297 மி.கி. செலுத்தினார்கள். சில நிமிடங்களில் விழுந்த யானை இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. வலிப்பை அடக்கக் கொடுத்த மற்ற மருந்துகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்ற வாதம் உண்டு. ஆனால் தொடக்கக் கணக்கு மிதமிஞ்சிப் போனது என்பதில் ஐயமில்லை.

அதனால்தான் புற்றுநோய் மருந்துகள் போன்ற, அளவு சற்றுத் தவறினாலும் ஆபத்தாகும் கத்தி முனை மருந்துகளை எடையை விட்டுவிட்டு, உடலின் பரப்பளவை வைத்துக் கணக்கிடும் வழக்கம் வந்தது. 10 கிலோ குழந்தை எடையில் 70 கிலோ பெரியவரின் ஏழில் ஒரு பங்குதான். பரப்பில் நாலில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். ஒளி அலையாகப் பரவுகிறது என்று காட்டிய தாமஸ் யங் ஒரு மருத்துவரும்கூட. வயதை, வயதோடு 12 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் குழந்தையின் பங்கு கிடைக்கும் என்று அவர் பெயரில் ஒரு விதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நெடுங்காலம் புழங்கியது. 4 வயதுக்கு 4/16, அதாவது கால் பங்கு. சுலபமான கணக்கு. ஆனால் 4 வயதில் 12 கிலோ குழந்தையும் உண்டு, 20 கிலோ குழந்தையும் உண்டு. இருவருக்கும் ஒரே கால் பங்கு என்பதை இன்று யாரும் ஏற்பதில்லை.

தோல் வழியாகப் போகும் மருந்திலும் இதே பரப்புக் கணக்கு வரும். எடையோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட மூன்று மடங்கு அளவில் இருக்கும். மேலே பூசும் களிம்புதானே என்று தாராளமாகத் தடவும் ஸ்டீராய்டு, குழந்தையின் ரத்தத்தில் கணிசமாகச் சேர்ந்துவிடும். 1972இல் பிரான்சில் ஹெக்சகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அதிகம் கலந்த குழந்தைப் பவுடரால் 36 குழந்தைகள் இறந்தன. ஒருவரும் அதை விழுங்கவில்லை.

சில மருந்துகளில் அளவைக் குறைப்பதே தீர்வல்ல. வளரும் பல்லில் படிந்து நிரந்தரக் கறையாகும் டெட்ராசைக்ளினை 8 வயது வரை பொதுவாகத் தவிர்ப்பார்கள். வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளுக்கு ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வந்தது. 1963இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரேய் விவரித்த நோய் அது. ஆஸ்பிரினுடன் அதன் தொடர்பு தெரிந்து எச்சரிக்கை பரவிய பிறகு நோயே அரிதாகிவிட்டது. கோடீன் இன்னொரு வகை. உடம்பு அதை மார்பீனாக மாற்றினால்தான் வலி குறையும். மரபுவழியாகச் சிலருக்கு இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். டான்சில் அறுவைக்குப் பின் சரியான அளவில்தான் கோடீன் கொடுத்தார்கள். ஆனாலும் அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலர் தூக்கத்திலேயே மூச்சு நின்று இறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றது.

எதிர்த் திசையிலும் விதிவிலக்கு உண்டு. குடற்புழுவுக்கான அல்பெண்டசோல் 2 வயதுக் குழந்தைக்கும் 400 மி.கி., பெரியவருக்கும் 400 மி.கி. புழு இருப்பது குடலில். மருந்து ரத்தத்தில் அதிகம் சேராமல் அங்கேயே வேலையை முடிக்கிறது. புழுவுக்கு யார் வயிற்றில் இருக்கிறோம் என்பதில் என்ன வேறுபாடு? தடுப்பூசிகளிலும் பலவற்றை எடை பார்த்துக் குறைப்பதில்லை; தட்டம்மைத் தடுப்பூசி எல்லோருக்கும் அரை மில்லிதான். எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பினால் போதும், உடம்பு முழுக்க நிரம்ப வேண்டியதில்லை.

இவ்வளவு நுணுக்கமான எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், நெடுங்காலம் பெரியவர்களிடம் சோதித்த அளவைச் சுருக்கி ஊகித்ததுதான். குழந்தைகளைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்ற நல்லெண்ணமே அவர்களை ஆதாரமில்லாத மருந்துக்கு ஆளாக்கியது. 1960களில் ஹாரி ஷர்கி என்ற அமெரிக்க மருத்துவர் குழந்தைகளை "சிகிச்சையின் அநாதைகள்" என்று அழைத்தார். புதிய மருந்துகளைக் குழந்தைகளிடமும் முறையாக ஆராயச் சொல்லும் சட்டம் அமெரிக்காவில் 2003இல்தான் வந்தது. ஐரோப்பாவில் 2007இல் நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார அமைப்பு குழந்தைகளுக்கென்று தனியாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் 2007இல்தான்.

எண் சரியாக இருந்தாலும் அது பாட்டிலிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் தடுமாறலாம். நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்தில்தான். பாராசிட்டமால் சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மி.கி. சிரப் என்றால் 5 மில்லியில் 120, 125 அல்லது 250 மி.கி. மூன்று பாட்டிலும் ஒரே இனிப்பு, ஒரே வாசனை. 125 சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் குழந்தைக்குப் போவது 500 மி.கி.; நான்கு மடங்கு. அதனால் "எத்தனை மில்லி" என்ற கேள்வியோடு நிறுத்தக் கூடாது; "எத்தனை மில்லிகிராம்" என்றும் கேட்க வேண்டும். வீட்டுக் கரண்டிகளில் இரண்டு ஒரே அளவாக இருப்பது அபூர்வம். சிறியதை எடுத்தால் பாதி, பெரியதை எடுத்தால் மூன்று மடங்கு. மருந்தோடு வரும் சிரிஞ்சோ அளவு மூடியோதான் நம்பகமானது. கலங்கலான மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள்கள் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசி நாள்கள் அடியில் தங்கிய மருந்தும் போகும்.

ஒரு சீட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. "5.0 மி.கி." என்று எழுதியிருந்தது, புள்ளி மங்கிப்போய் 50 போலத் தெரிந்தது. எடுத்து வைத்துவிட்டு, குழந்தையின் எடையோடு ஒப்பிட்டபோதுதான் கை நின்றது. மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்தேன். அன்று முதல் முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியமும் போடுவதில்லை. அரை என்றால் புள்ளிக்கு முன் சுழியம் போடாமல் விடுவதும் இல்லை. பெரியவருக்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டுமென்றால் பத்து மாத்திரை எண்ண வேண்டும், கை தானாகவே தயங்கும். குழந்தைக்கு அந்தப் பத்து மடங்கும் ஒரே சிரிஞ்சுக்குள் அடங்கிவிடும்.

தாத்தாவிடம் எடை எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. கடைசியாக எடை பார்த்தது ஆறு மாதம் முன்பு. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகி ஒரு வயதில் மும்மடங்காகும் பருவம் இது. ஆறு மாதத்துக்கு முந்தைய எடை இன்னொரு குழந்தையின் எடை மாதிரி. பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடை மிஷினில் 8.6 கிலோ. அவர் நினைத்த அரை மாத்திரை 250 மி.கி.; கிலோவுக்கு 29. நாளைக்கு நான்கு வேளை கொடுத்திருந்தால் கிலோவுக்கு 116 மி.கி.; 60ஐயோ அதிகம் போனால் 75ஐயோ தாண்டக் கூடாத இடத்தில். ஒரு வேளை தப்பிக்கலாம், இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஈரல் தாங்காது. 125 சிரப்பில் 5 மில்லி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சிரிஞ்சில் அந்தக் கோட்டின் மேல் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டுக் கையில் கொடுத்தேன்.

"அடுத்த மாசம் காய்ச்சல் வந்தாலும் இதே கோடுதானே, தம்பி?"

"இல்லீங்க ஐயா. அப்போ மறுபடி எடை பார்த்துட்டுச் சொல்றேன்."